வண்டிக்கு முன்னால் நின்றவன்

நோலன் ஐந்தரைக்கு எழுந்தான். காபி போட்டான். சோளக்கஞ்சியில் வெண்ணெய் கலந்து நின்றபடியே குடித்தான். நாய்க்குத் தீனி வைத்தான். சவரம் செய்துகொண்டான். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டிவிட்டு வந்தவன், காலியாகக் கிடந்த வாசல் சிமெண்டுத் தரையில் நேராக நடக்காமல் ஒரு சுற்றுச் சுற்றித் தன் காருக்குப் போனான். அவன் மனைவி மார்லியின் டிரக் நின்ற இடம் அது. ஐந்து மாதமாக அங்கே ஒன்றும் நிற்பதில்லை. கால் மட்டும் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

மாநிலத் தலைநகர் கொலம்பியாவுக்கு இரண்டு மணி நேரம். தெற்குக் கரோலினாவின் சட்டமன்றக் குழு பத்து மணிக்குக் கூடுகிறது. டிரக்கின் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டுவதைத் தடை செய்யலாமா என்று கேட்கப்போகிறார்கள். பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.

அவன் நில அளவை செய்பவன். மார்லியின் டிரக் படங்களை வைத்துக் கணக்குப் போட்டு எழுதியிருந்தான். ஓட்டுபவர் பின்னால் சாய்ந்துவிடுகிறார், வண்டியின் மூக்கு எழுந்து பாதையை மறைக்கிறது. முன்னால் அறுபது அடிக்குள் முழங்கால் உயரத்தில் எது இருந்தாலும் தெரியாது.

சட்டத்துக்காக ஆள் திரட்டிய ஹேரியட் அம்மாள் போனில் அதைக் கேட்டுவிட்டு, "கணக்கு யாருக்குப்பா ஞாபகம் இருக்கும்? அன்னிக்குக் காலைல அவ என்ன சொன்னா, அதைச் சொல்லு," என்றாள்.

அதற்குப் பிறகுதான் தாளின் அடியில் அந்த வரியை எழுதினான். 'கிளம்பும்போது அவள் கடைசியாகச் சொன்னது: திங்கட்கிழமை வண்டி மூக்கைக் கீழே இறக்கிவிடலாம்.'

அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

சட்டமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் எட்டு டிரக்குகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லாவற்றின் பின்கண்ணாடியிலும் ஒரே வாசகம்: 'மூக்கு வானத்தைப் பாக்கட்டும். மார்லி.' முதல் டிரக்கில் சாய்ந்து நின்றவன் கோல்பி. மார்லியின் அண்ணன்.

"கோட்டெல்லாம் போட்டு வந்திருக்க, மச்சான். பேங்க்ல லோன் கேக்கப் போறியா?"

"பேச வந்தேன்."

"தெரியும். பனிமூட்டம்டா அன்னிக்கு. டிராக்டர்காரன் பின்னாடி ஒரு சிவப்பு விளக்குகூட இல்ல. சட்டம் போடணும்னா பனிக்குப் போடச் சொல்லு."

"அவ மோதினது காலி டிரெய்லர், கோல்பி. முழங்கால் உயரம். என் கார்ல போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"உன் கார்லயா? அதுக்கு அவ செத்தே போயிருப்பா."

சொன்ன பிறகுதான் கோல்பிக்கு அது காதில் விழுந்தது. இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அந்த வண்டிய நானும் அவளும் சேர்ந்துதான் தூக்குனோம்," என்றான் கோல்பி, குரல் இறங்கி. "எங்கப்பா கொட்டகைல. ரெண்டு நாள். நீ உள்ள போய்ப் பேசினா என்னைத்தான் கைகாட்டற மாதிரி."

நோலன் படியேறி உள்ளே போனான்.

முதலில் கோல்பியைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினான். "யாருக்கும் கெடுதல் நினைக்காத பொண்ணு அவ. அவ கடைசியாச் சொன்னது இதுதான், மூக்கு வானத்தைப் பாக்கட்டும்னு."

போன கோடையில் கடற்கரையில் கூடியபோது, பீர் டின்னை உயர்த்திக்கொண்டு அவள் சொன்னது அது. அவள் இறந்த நாள் காலையில் கோல்பி அங்கே இல்லவே இல்லை. நோலனுக்குக் கோபம் வரவில்லை. கோல்பிக்கு ஒரு கடைசிச் சொல் தேவைப்பட்டிருக்கிறது, எடுத்துக்கொண்டான். தன் பையிலும் அப்படி ஒன்று மடித்து இருக்கிறது.

அடுத்து அவன் பெயர். மேஜைமேல் நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. கணக்குகளைப் படித்தான். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் போனைப் பார்த்தார். திங்கட்கிழமை வரி வந்தது.

இங்கே சொன்னால் எழுதிக்கொள்வார்கள். நாளைக்குப் பேப்பரில் வரும். ஹேரியட் அம்மாள் போகிற இடமெல்லாம் சொல்வாள். ஒரு வருடம் போனால் அவன் காதிலேயே அது மார்லியின் குரலில் கேட்கும். உண்மையில் அவள் சொன்னது அதற்கு அடியில் போய்விடும். அவளிடமிருந்து மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

தாளை மடித்தான். விளக்கு மஞ்சளானது.

"வண்டியை இறக்கிடலாம்னு அவ என்கிட்ட சொன்னதில்லை. அவளுக்கு அந்த வண்டின்னா உயிர். அவங்க அண்ணன் சொன்னதும் அன்னிக்குச் சொன்னது இல்லை." கோல்பி நிமிர்ந்து பார்த்தான். "அன்னிக்கு அவ ஃபிளாஸ்க்கை மறந்துட்டா. நான் எடுத்துட்டு ஓடினேன். எஞ்சின் ஓடிட்டிருந்தது. வண்டிக்கு நேர் முன்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அஞ்சடி எட்டு அங்குலம் நான். கைய ஆட்டினேன். அவ ஹாரன் அடிச்சா. ஜன்னல் வழியா தலைய நீட்டி, வீட்டு வாசலைப் பாத்தா, ரோட்டைப் பாத்தா. சிரிச்சா. எனக்கும் சிரிப்பு. ஃபிளாஸ்க்கைக் கொடுத்து அனுப்பிட்டு உள்ள போனேன். அடுத்த இருபது நிமிஷத்துல அந்த டிரெய்லர்."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேரம் முடிஞ்சுது, தம்பி," என்றார் தலைவர். மைக்கை அணைக்கப்போன கை பாதியில் நின்றது. "தலைய நீட்டினாங்கன்னீங்களே. என்ன சொன்னாங்க?"

நோலன் கோல்பியைப் பார்த்துச் சொன்னான்.

"நோலன், எங்க நிக்கற நீ? குரல் கேக்குது, ஆளைக் காணோமே."