ஈஸ்ட் தின்னாத இனிப்பு

பாட்டில் மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று எழுந்த சத்தத்தை என் கணவர் வாசு துண்டால் பொத்தி அடக்கினார். ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை மதியம். பக்கத்து ஃபிளாட்டுக்கும் எங்களுக்கும் நடுவே மெல்லிய சுவர்தான். குவைத்தில் வீட்டில் பீர் தயாரித்துப் பிடிபட்டால் வேலையும் விசாவும் போய்விடும். ஆல்கஹால் இல்லாத மால்ட் பானத்தில் ஈஸ்ட் போட்டு, பத்து நாள் குளியலறையில் புளிக்கவிட்டு, பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக அரை ஸ்பூன் சர்க்கரை சேர்ப்பார். அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

போன தடவை, கசப்பு பிடிக்காமல், என் பாட்டிலில் மட்டும் அவருக்குத் தெரியாமல் இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போட்டேன். அது அலமாரிக்குள்ளேயே வெடித்தது. எவ்வளவு போட்டாலும் ஈஸ்ட் தின்றுவிடும், காற்றுதான் மிஞ்சும், இனிப்பு மிஞ்சாது என்று கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். திட்டவில்லை. அவர் எதற்குமே திட்டுவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதை நான் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

இன்று எனக்கென்று தனியாக வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். இனித்தது.

"இதுல மட்டும் எப்படிங்க இனிப்பு தங்குச்சு?"

"மாத்திரை போட்டேன். அதை ஈஸ்ட் தொடாது."

எந்த மாத்திரை என்று கேட்டேன். டம்ளரை வைத்துவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்து மேசைமேல் வைத்த சிறிய டப்பாவை எனக்குத் தெரியும். ஊரில் சர்க்கரை வியாதிக்காரரான மாமனார், சர்க்கரைக்குப் பதிலாகக் காபியில் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரை. பாதி காலியாக இருந்தது.

"எத்தனை நாளா?"

"மார்ச்ல ஆபீஸ் செக்கப்ல சுகர் இருக்குன்னு தெரிஞ்சுது."

இது நவம்பர். தீபாவளிக்கு நான் கிண்டிய மைசூர்பாகை நன்றாயிருக்கிறதென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

"நாலு மைசூர்பாகு தின்னுட்டு காபிக்கு மட்டும் மாத்திரையாக்கும்."

சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"சொன்னா, சம்பாதிச்சது போதும், ஊருக்குப் போலாம்னு ஆரம்பிப்பே கலா. இளவேனிலுக்கு ஸ்கூல் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்ததுதான் அதிகம் வலித்தது. அவருடைய டம்ளரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. இரண்டு டம்ளர்களிலும் நுரை குமிழ் குமிழாக உடைந்து இறங்கியது. வெளியே லிஃப்ட் நின்றது. டியூஷன் முடிந்து இளவேனில் வரும் நேரம். வழக்கமாக இந்நேரம் பாட்டில்கள் எல்லாம் இளவேனில் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போயிருக்கும்.

அழைப்புமணி அடித்தது. மேசையில் பாட்டில், டம்ளர்கள், டப்பா. இருவரும் எதையும் ஒளிக்காமல் அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.