முன் டயருக்கு ஒரு எலுமிச்சை

டப்ளினில் வந்து இறங்கிய அன்று என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய ஊர், இத்தனை கார், இத்தனை பஸ், ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை. மல்லசமுத்திரம் கந்தன் என்றால் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் தெரியாதவர் கிடையாது. காலமெல்லாம் லாரி ஓட்டிய எனக்கு இப்படி ஒரு ரோடு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், போடா பைத்தியக்காரா என்றிருப்பேன்.

இந்த ஊரில் என் மகள் மஞ்சுளா மாடி பஸ் ஓட்டப் போகிறாள். கல்யாணமாகி வந்தவள், வீட்டில் சும்மா உட்காராமல் பயிற்சிக்குப் போய் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். மறுநாள் காலை முதல்முறையாக ஆள் ஏற்றி ஓட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை. இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஊரில் இதை நான் மூச்சு விடவில்லை. பொட்டப்புள்ள ஸ்டீயரிங் பிடிக்கிறாள் என்று தெரிந்தால் லாரி ஸ்டாண்டுப் பயல்கள் கேலி பேசியே என்னைக் கொன்றுவிடுவார்கள். ஏதோ ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் நானும் கூடவே போனேன். தெருக்கோடி டிப்போ வாசலில் பஸ் நின்றது. மஞ்சளும் நீலமுமாய், நேற்றுத்தான் பெயிண்ட் அடித்த மாதிரி அப்படி ஒரு பளபளப்பு. மஞ்சுளா சாவி வாங்கப் போன நேரம் பார்த்து, சட்டைப்பையிலிருந்த எலுமிச்சையை முன் டயருக்கு அடியில் வைத்துவிட்டேன். முதல் ஓட்டத்துக்கு எலுமிச்சை நசுக்காமல் எங்கள் பக்கம் எவனும் கியர் போட மாட்டான். இந்த ஊர்ப் பழம் மூக்கு வைத்துக்கொண்டு என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் பழம் பழம்தானே.

திரும்பி வந்தவள் உடனே ஏறவில்லை. கண்ணாடி, விளக்கு, கதவு என்று வண்டியைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நரைத்த தலை இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். முன் டயருக்கு வந்தவள் குனிந்தாள். பழத்தைக் கையில் எடுத்தாள்.

அட மடையா கந்தா, கெடுத்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் பழத்தைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "நாந்தானுங்க வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க," என்று குறுக்கே போய் நின்றேன். மஞ்சுளா இங்கிலீஷில் விளக்கினாள். அவர் பழத்தை உருட்டிப் பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், அவளிடம் இரண்டு வார்த்தை சொன்னார்.

"என்ன கண்ணு சொல்றாரு?"

"டயருக்கடியில என்ன கெடந்தாலும் எடுத்துட்டுத்தான் வண்டிய எடுக்கோணுமுங்கப்பா. நான் பாத்து எடுத்ததால பொழச்சேன். பாக்காம ஏத்தியிருந்தா இங்கயே எறக்கி உட்டிருப்பாராம்." பழத்தை என் கையில் திணித்தாள். "பேசாம மேல போய் உக்காருங்க."

மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணுக்கு முன்னால் முழுக் கண்ணாடி, கையில் ஸ்டீயரிங் மட்டும் இல்லை. அடடா, என்ன ஊர்! செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கதவு சிவப்பு, அடுத்தது பச்சை, அதற்கடுத்தது மஞ்சள். வெயில் அடிக்கிறது, திரும்புவதற்குள் மழை, மறுபடி வெயில். எவனும் அதற்காக ஓடி ஒதுங்கவில்லை. ஆற்றின் மேல் பாலத்துக்கு அடுத்துப் பாலம். கோடு போட்ட இடத்தில் ஒரு பொம்பளை காலை வைத்தால் போதும், ரோடே நின்று வழிவிடுகிறது. ஒரு நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். பஸ் வாசலிலிருந்து பலகை தானாக நீண்டது. அவர் ஏறி முடிக்கும்வரை பின்னால் நின்ற வண்டிகள் ஒரு சத்தம் போடவில்லை. எழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

ஆனாலும் என் கால் மட்டும் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. பாலத்துத் திருப்பத்தில் சைக்கிள்காரன் ஒருத்தன் சடாரென்று குறுக்கே வந்தான். கண்ணை மூடிக்கொண்டேன். பையிலிருந்த பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நசுங்காத பழம், ஐயோ என் சாமி! பஸ் குலுங்காமல் நின்றது, குலுங்காமல் கிளம்பியது. நானாக இருந்தால் அவன் பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பேன்.

அதற்குமேல் மேலே இருப்புக்கொள்ளாமல் கீழே வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். இறங்குகிற ஒவ்வொருவரும் என் மகளைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றார்கள். கோட்டுப் போட்டவர் சொன்னார். பள்ளிக்கூடப் பையன்கள் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரி குழந்தையின் கையை ஆட்டிச் சொன்னாள். என்னை டிரைவர் என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின், இன்ஸ்பெக்டர் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அவர் முகமே சொன்னது. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்.

"எறங்குங்கப்பா," என்றாள்.

படியருகே வந்து, மற்றவர்களைப் போலவே அவள் முகத்தைப் பார்த்து நின்றேன்.

"தேங்க்ஸ், டிரைவர்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என்னங்கப்பா, டிரைவருங்கறீங்க?"

"பின்ன? பஸ் ஓட்டறவள வேற என்னன்னு கூப்பிடறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பழத்த வீசிராதீங்க. ஊட்டுக்குப் போய் எலுமிச்சஞ்சோறு கிண்டிக்கலாம்."

இறங்கியதும் லாரி ஸ்டாண்டு மாரியப்பனுக்கு போன் போட்டேன். ஊரில் மத்தியானம், எல்லாப் பயல்களும் அங்கேதான் இருப்பார்கள்.

"மாரியப்பா, எம்புள்ள ஆபீஸ்ல இல்லடா. மாடி பஸ் ஓட்டறா. ஸ்பீக்கர்ல போடு, எல்லாருங் கேக்கட்டும்."