எட்டே முக்கால் மணிக் குரல்

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் கோகுல்நாத், புரட்டாசி மாதத்து ஒரு புதன்கிழமை முதல், சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் மறைந்துபோகத் தொடங்கினார். இறங்கியதும் திரும்பி வந்துவிடுவார். வீட்டுக்கும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கும் நடுவே உள்ள பதிமூன்று கிலோமீட்டருக்கு அவரும், சைக்கிளும், ஹேண்டில்பாரில் தொங்கும் சாப்பாட்டுப் பையும் யார் கண்ணிலும் பட மாட்டார்கள். மணிச் சத்தம் மட்டும் கேட்கும். இதை முதலில் கவனித்தவர் வாட்ச்மேன் கஜபதி. "சார் ஏறி குந்திகினாரு, அப்பால ஆளையே காணோம்" என்று அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் உலகநாதனிடம் போய்ச் சொன்னார். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சைக்கிள் நிற்பது கட்டடத்தின் அழகுக்குக் குறைச்சல் என்று ஏற்கெனவே இரண்டு முறை வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்த உலகநாதன், ஓட்டும்போது மறைவதற்குப் பதிலாக நிறுத்தி வைத்திருக்கும்போது மறைந்தால் சௌகரியமாக இருக்கும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோகுல்நாத் திண்டுக்கல்காரர். எஸ்டேட்டில் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. திருமுல்லைவாயில் நெரிசலில் பஸ் ஒரு முழுக் காலைப்பொழுதும் நகராமல் நின்ற ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே ஒரு பால்காரர் சைக்கிளில் சாவகாசமாகக் கடந்து போனதைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கிவந்தார். அவர் மனைவி சௌம்யா கரூர்ப் பெண். அதே எஸ்டேட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் மென்பொருள் வேலை. அவளை அழைத்துப் போகக் கம்பெனி கார் வரும். அதில் கூட வரும் பெண்களிடம் கணவர் காரில் போகிறார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகுது, என்ன ட்ராஃபிக்" என்று மற்றவர்களோடு சேர்ந்து அலுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். மீதியை அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள், எஸ்டேட் சிக்னலில் கார் நின்றபோது பக்கத்தில் கோகுல்நாத்தின் சைக்கிள் வந்து நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேன்ட்டின் கால் அழுக்காகாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். கண்ணாடிக்குள் மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கி ஆட்டினார். ஜன்னலோரம் இருந்த பவ்யா, "சௌமி, அந்த ஆளு உன்னைப் பாத்துத்தான் கை காட்றாரு. யாருடி அது?" என்றாள். "யாரோ. ரோட்ல போறவர்" என்றாள் சௌம்யா. பச்சை விழுந்தது.

அன்று சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கோகுல்நாத், "உங்க கார் கண்ணாடி ரொம்பக் கறுப்பு, உள்ள இருந்து பாத்தா நான்னு அடையாளம் கண்டிருக்க மாட்டே" என்றார். "ஆமா, கவனிக்கலை" என்றாள் அவள். காலையில் சொன்னதைவிட இதுதான் அவள் நெஞ்சில் கனத்தது. மறுநாள் பால்கனியில் நின்று பார்த்தபோது, கேட்டுக்கு வெளியே தேங்கியிருந்த மழைத்தண்ணீர் ஒரு கோடாகப் பிளந்து மறுபடி சேர்ந்துகொண்டதே தவிர, அந்த இடத்தில் யாரும் இல்லை.

தான் மறைவது கோகுல்நாத்துக்குத் தெரியவே இல்லை. அவருக்குத் தன் கைகளும் ஹேண்டில்பாரும் எப்போதும்போல இருந்தன. ஷேர் ஆட்டோக்கள் அவர் மேலேயே வந்து ஒதுங்கின, பஸ்கள் அவரை மண்ணுக்குத் தள்ளின. ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் இதையேதான் சொன்னார்கள் என்பதால் அவர் அதைத் தனக்கு மட்டும் நேர்வதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசியில் ஒரு தண்ணீர் லாரி முழங்கையைச் சிராய்த்தது. "ரோடு காலியா இருந்துச்சு சார், சாமி சத்தியமா" என்று டிரைவர் நடுங்கினார், பொய் சொல்கிற முகமாக இல்லை. சௌம்யா ஒளிரும் பச்சை மேல்சட்டை வாங்கிக் கொடுத்தாள். அவர் ஏறியதும் அதுவும் சேர்ந்து மறைந்தது. மினுக்கும் சிவப்பு விளக்கு, பின்னால் ஒரு கொடி, எல்லாம் அப்படியே ஆயின. பஸ்ஸில் போங்களேன் என்று கெஞ்சினாள். "பஸ்ஸுல போனா மத்தியான சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவேன். திடீர்னு எதுக்கு?" என்றார். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பும்வரை ஒன்பது மாடிக் கட்டடத்தில் அவள் ஒரு வேலையும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகை மழையில் ஒரு வேன் இடித்து அவருக்கு நெற்றியில் ஆறு தையல் போட்டார்கள். மறுநாள் காலை காரில் ஏறியதும் சௌம்யா, "பவ்யா, அன்னைக்கு சிக்னல்ல சைக்கிள்ல ஒருத்தர் கை காட்டினாரே, அவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள். இரவெல்லாம் தூங்காமல் தயார் செய்த வாக்கியம் அது. பவ்யா யோசித்தாள். "எந்த சிக்னல்? எந்த சைக்கிள்?" என்றாள். அவள் அதைப் பச்சை விழுவதற்கு முன்பே மறந்திருந்தாள். முன் சீட்டில் இருந்த ரேஷ்மா, சைக்கிள் உடம்புக்கு நல்லதுதானே என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்கத் திரும்பினாள். யாருக்கும் ஞாபகம்கூட இல்லாத ஒரு கணத்துக்காகவா அவரை விட்டுக்கொடுத்தோம் என்று எண்ணியபோது சௌம்யாவின் காது மடல்வரை சுட்டது. தையல் பிரித்து அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது எப்போதும்போல மறைந்தார்.

அன்று சாயங்காலம் நெற்றிக்கு மருந்து போட்டபடி அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். "சிக்னல்லயே உன் உதடு அசைஞ்சதைப் பாத்தேன்" என்றார் கோகுல்நாத்.

"அப்பறம் ஏன் கண்ணாடி கறுப்புன்னு சொன்னீங்க?"

"உனக்குச் சொல்லிக்க ஏதாவது ஒண்ணு வேணும்ல, சௌமி."

அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை கம்பெனி காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை நான்காக மடித்து சைக்கிள் கேரியரில் கட்டி, ஒருக்களித்து உட்கார்ந்தாள். கஜபதி கேட்டைத் திறந்துவிட்டார். "மேடமும் பூட்ச்சு" என்று சொல்லி மூடினார். கார்கள் எப்படி வரும் என்பதை சௌம்யா அன்றுதான் பார்த்தாள். ஆவடிக்குள் மட்டும் பதினோரு வண்டிகள் அவர்கள் இருந்த இடத்தைக் காலி இடமென்று எண்ணி வந்தன. ஒவ்வொரு முறையும் சத்தம் போட வாயைத் திறந்தாள், தெருவே தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்ற கூச்சத்தில் மூடிக்கொண்டாள். எஸ்டேட் சிக்னலில் அவள் தினமும் போகும் அதே கார், இடது பக்கம் திரும்புவதற்காக அவர்கள் மேலேயே சாய்ந்து வந்தது. ஜன்னலில் பவ்யா நேராக அவளைப் பார்த்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த வாழைப்பழ வண்டியைப் பார்ப்பதுபோல. சௌம்யா கண்ணாடியில் ஓங்கி அடித்து, "நிறுத்துங்க, என் வீட்டுக்காரர் வர்றார்" என்று கத்தினாள். கார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது. பவ்யா கண்ணாடியை இறக்கி, யாருமில்லாத ரோட்டைப் பார்த்து, "சௌமி குரல் மாதிரி கேட்டுச்சு" என்றாள். "சௌமிதான். அவரோட சைக்கிள்ல போறேன்" என்றது காற்று. கோகுல்நாத் மணியை அடித்துவிட்டு மிதித்தார்.

இது மூன்றாவது வருஷம். அவர்கள் இருவரும் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை, படுவதற்காக அவர்கள் மேற்கொண்டு எதுவும் செய்யவும் இல்லை. ஏரிக்கரையிலிருந்து எஸ்டேட்வரை சௌம்யா, "ஓரம் போங்க, என் வீட்டுக்காரர் வர்றார்" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். தண்ணீர் லாரிகள்கூட அந்தக் குரலுக்கு ஒதுங்குகின்றன. கோகுல்நாத்துக்கு அதன்பின் ஒரு சிராய்ப்பும் இல்லை. ஒன்பது மாடிக் கட்டடத்தின் வாசல் நெருங்கும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தணியும். அப்படித் தணிவது அவளுக்கே கேட்கும். முகம் சிவக்க, அதே வாக்கியத்தை முன்னைவிட உரக்க இன்னொரு முறை சொல்வாள். பிறகு காற்றிலிருந்து இறங்கி, சேலையை உதறிவிட்டு உள்ளே போவாள்.

போன மாதம் எஸ்டேட் சிக்னலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போக்குவரத்துக் காவலர் ஸ்ரீகாந்த், முதல் நாள் எட்டே முக்கால் மணிக்கு வெறும் ரோட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டுக் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். ஓரத்தில் பூ விற்கும் வேம்புலியம்மாள் கட்டிக்கொண்டிருந்த பூக் கண்ணி அறுபடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா நைனா முழிக்கிறே? அது சௌம்யா. ஊட்டுக்காரரோட வேலைக்குப் போய்கினு கீது. அந்தாண்ட வண்டிய நிப்பாட்டு, அதுக்கு நேரமாவுது" என்றாள். ஸ்ரீகாந்த் எதிர்ப்பக்கத்துக் கார்களையெல்லாம் நிறுத்தினார். காலியான ரோட்டில் மணிச் சத்தம் குறுக்கே கடந்து எஸ்டேட்டுக்குள் போகும்வரை காத்திருந்து, பிறகு கையை இறக்கினார்.