‘கீப்’புக்கு ஒரு சம்மதம்

ஆபீசில் அவருக்கு வைத்த பேர் அகராதி. செய்கிற வேலைக்குப் பாதி, பிடிக்கிற முரண்டுக்குப் பாதி. முப்பது வருஷமாக ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுகிறவர். இந்த மாதம் அவர் தலையில் விழுந்தது ‘கீப்’.

பார்த்தால் பொடிச் சொல். உள்ளே இறங்கினால், அப்பப்பா! சாவியை வைத்துக்கொள்வதும் கீப், வாக்கைக் காப்பாற்றுவதும் கீப், கோழி வளர்ப்பதும் கீப், வாயை மூடிக்கொண்டிருப்பதும் கீப். பிறப்பைத் துருவினாலோ, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ‘பிடி, கவனி’ என்ற பொருளில் திடீரென்று ஏட்டில் தலைகாட்டுகிறது. அதற்கு முந்தைய வம்சம் உறுதியாகத் தெரியவில்லை. பக்கத்து மொழிகளில் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. ‘பாவம், நம்ம கேஸ்தான்’ என்று நினைத்துக்கொண்டே, ‘உறவுச் சொற்கள் அறியப்படவில்லை’ என்று எழுதினார்.

மனைவி போய் மூன்று வருஷம். ஒரே மகள் வெளியூரில். அம்மா போன அன்று அவள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எழுந்து வர முடியவில்லை. துக்கத்தில் மனுஷன் போனில் கத்தினார்: “பெத்தவ முகத்தைக் கடைசியா பார்க்க வராதவ, இனி எனக்குப் போன் பண்ணாதே!” அவளும் இவர் பெற்ற பெண்ணாயிற்றே, பண்ணவில்லை. போன வருஷம் ஆங்கிலத்தில் நாலே வரியில் ஒரு கடிதம் வந்தது. பதில் எழுத வீம்பு விடவில்லை. பேரனை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. சாயந்திரம் வீட்டுப் பூட்டைத் திறந்தால், ‘வந்துட்டீங்களா’ என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது.

கீப்பின் ஒரு பொருளுக்கு மட்டும் எடுத்துக்காட்டு உதைத்தது: ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பது. எடுத்துக்காட்டைச் சொந்தமாகப் புனையக் கூடாது, யாராவது நிஜமாக எழுதியிருக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துவைக்கும் பெட்டியில் இருந்த சீட்டுகள் எல்லாம் பழைய புத்தக வாக்கியங்கள்.

“இன்னிக்கு ஜனங்க எழுதற மாதிரி ஒண்ணு வேணும் சார்,” என்றாள் எதிர்மேஜையில் மெய்ப்பு பார்க்கும் அம்மாள்.

மறுநாள் அவர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். “தெரிஞ்சவங்க எழுதினது.”

‘ஐ கீப் மீனிங் டு கால் யூ.’ போன் பண்ணணும் பண்ணணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

“அருமையா இருக்கு சார்! ஆனா கடுதாசியாச்சே, எழுதினவங்க சம்மதம் வேணும். கொண்டுவந்தவர்தான் கேட்கணும், உங்களுக்குத் தெரியாததா? நம்பர்கூடக் கீழேயே இருக்கு,” என்று போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சட்டம் மறந்துபோயிற்று என்று அவர் தலையிலேயே அடித்துக்கொண்டார். அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். மறந்தார் என்று யார் நம்புவது?

நம்பரை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது. “ஹலோ?” மகளின் அதே குரல். மெய்ப்பம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். செருமிக்கொண்டு, “வணக்கம், அகராதி ஆபீஸ்லேர்ந்து பேசறோம்,” என்றார். கோழை!

அந்தப் பக்கம் ‘அப்…’ என்று ஏதோ ஆரம்பித்து நின்றது. “சொல்லுங்க சார்.”

விஷயத்தைச் சொல்லி வாக்கியத்தையும் படித்தார்.

“அது எங்கப்பாவுக்கு எழுதினது.”

“ஆமாங்க. போட்டுக்கலாமா?”

“போட்டுக்குங்க.” பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது. “அப்பா நல்லா இருக்காரா சார்?”

“இருக்காரு.”

“வேளைக்குச் சாப்பிடறாரா?”

“ம்.”

“அவர்கிட்ட ஒண்ணு சொல்றீங்களா? பண்ணாதேன்னு சொன்னது அவரு. அப்ப அவருதானே பண்ணணும்? மூணு வருஷமா போன் அடிக்கிறப்பல்லாம் அவரோன்னு ஓடிவரேன். இப்பவும் அப்படித்தான் ஓடிவந்தேன், சார்.”

‘நான்தாம்மா’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “சொல்றேன்,” என்றார்.

“சரி சார், வெச்சிடறேன்.” ஆனால் அவள் வைக்கவில்லை. குழந்தையின் சிணுங்கல் கேட்டுக்கொண்டே இருந்தது. இவரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன சார், சரின்னுட்டாங்களா?” என்றாள் மெய்ப்பம்மாள்.

“சரின்னுட்டா,” என்றார் அகராதி. “எம் பொண்ணும்மா அது. நான்தான் பேசறேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”