வேலி தாண்டிய சருகு

ஜைனம்பு அக்காவின் வாதாங்கொட்டை மரம் அவர்கள் கொல்லையில் நின்றது. இலையை மட்டும் எங்கள் கொல்லையில் உதிர்த்தது. தை பிறந்தால் போதும், தோசை அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாக விழும். நான் கூட்டி வாரி ஓலை வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் கொட்டுவேன். அக்கா முறத்தில் அள்ளித் திருப்பி வீசுவார். ஒரே இலை ஒரு நாளில் நாலு தடவை வேலி தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் கிழிசல் இருந்ததால் அடையாளம் தெரிந்தது.

"ஒரு எடத்துல குந்த மாட்டியா நீ?" என்றாள் என் மனைவி குப்பம்மா. "எழுந்ததுலேர்ந்து தொடப்பமும் கையுமா சுத்திக்கினு கீற. இன்னும் பல்லுகூட வெளக்கல."

உட்கார முடியவில்லை. மறுநாள் விடியலில் எனக்குப் பாடு. எங்கள் உப்புத் தண்ணீர் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் இடங்களைக் குப்பத்தார் முறை வைத்துப் பிரித்திருக்கிறோம்; அந்த முறைதான் பாடு. எனக்கு அது பதினாறு நாளைக்கு ஒரு தரம். போன முறை புயலில் போயிற்று. இதையும் விட்டால் இன்னும் பதினாறு நாள் கரையில் சருகு கூட்ட வேண்டியதுதான். வீட்டில் ஏற்கனவே கருவாட்டுக் குழம்புக்கே கருவாடு தீர்ந்திருந்தது.

எழுபத்தேழாம் வருஷம் அது. குப்பமே நூல் வலையை விட்டு நைலானுக்கு மாறிக்கொண்டிருந்தது. நானும் மாறினேன். என் கை மாறவில்லை.

அன்று காலை வலையை உதறினால் உள்ளே பதினோரு வாதாம் இலை. வீசுவது போதாது என்று தோன்றிவிட்டது. கொல்லைச் சருகை எல்லாம் வேலியோரம் குவித்துத் தீ வைத்தேன். புகை அக்கா வீட்டுக்குப் போகும்படி காற்றுகூடப் பார்த்தேன். அதோடு நின்றிருக்கலாம். என் நைனா காலத்தில் ஈர நூல் வலையைச் சருகுப் புகையில் காட்டுவோம். சீக்கிரம் உலரும், எலியும் கிட்டே வராது. என் கை தன்பாட்டுக்கு வலை தொங்கிய மூங்கிலைப் பிடுங்கி நெருப்புக்குப் பக்கத்தில் நட்டது.

காற்று திரும்பியது. எரிகிற இலை ஒன்று காக்கை போல எழும்பிப் போய் வலையில் உட்கார்ந்தது. நூலாக இருந்தால் கொஞ்ச நேரம் புகைந்து யோசித்திருக்கும். நைலான் யோசிக்கவில்லை. சுருங்கிச் சொட்டியது. நான் துடைப்பத்தால் அடித்தேன். துடைப்பமும் பற்றிக்கொண்டது.

வேலிக்கு மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் வந்தது, பாதி நெருப்பின்மேல், பாதி என்மேல். உப்பில்லாத தண்ணீர், அந்தக் குடத்துக்கு ஒரு மைல் நடக்க வேண்டும்.

"இன்னா தேசப்பா, வலைய வறுத்துத் துன்னப் போறியா?" அக்காவின் தலை வேலிக்கு மேல் தெரிந்தது.

"எல்லாம் உங்க எலையாலதாங்க்கா."

"எல என்னுது. தீப்பொட்டி யாருது?"

வலையில் நானே நுழைந்து போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. சின்னதாக ஏழெட்டு. குப்பம்மா கருகிய துடைப்பத்தை எடுத்து என் காலடியில் போட்டாள். அது திட்டுவதைவிட மோசம். நான் வலை ஊசியை எடுத்தேன், வைத்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். வலை பொத்துவதில் என் கைத்திறன் ஊருக்கே தெரியும். நான் போட்ட வலைக்கண்ணில் ஆமை போகும்.

"எங்க வூட்டுக்காரரு வலைய பொத்துனது யாருன்னு நெனச்ச?" என்றார் அக்கா. அவர் கணவர் மவுத்தாகி ஒன்பது வருஷம். "இங்க எட்தா. வெயில்ல என்னால குந்த முடியாது."

அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்தோம். நான் கால் கட்டைவிரலில் வலையை இழுத்துப் பிடித்தேன். அக்காவின் ஊசி பார்க்க முடியாத வேகத்தில் போயிற்று. நைலான் தீர்ந்ததும் என் பழைய நூல் வலையைப் பிரித்துத் தொடர்ந்தார். ஒரு இலை விழும், நான் எடுத்தெறிய எழுந்திருப்பேன், வலை தளரும்.

"ஒவ்வொரு எலைக்கும் எழுந்தா விடிஞ்சிரும். குந்துப்பா. ஆமா, மரத்த வெட்டச் சொல்லி பஞ்சாயத்துல கேட்டியாமே?"

"இல்லியேக்கா."

இரண்டு தடவை கேட்டிருந்தேன்.

"அவரு வெச்சது," என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பொழுது சாயும்போது கடைசி முடிச்சு விழுந்தது.

விடியலில் என் இடத்தில் வலை கட்டினேன். ஒட்டுப்போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஒட்டு தாங்கியது. கூடை நிறைய வெள்ளை இறால்.

வீட்டுக்கு வந்ததும் பெரிசாகப் பார்த்து இரண்டு கை இறால் எடுத்து, நாலு வாதாம் இலையில் பொட்டலம் கட்டி, வேலியோரம் போனேன். கூப்பிட்டுக் கொடுப்பதுதான் முறை. கூப்பிட்டால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். வேலிக்கு மேலாகப் போட்டுவிட்டேன்.

அடுத்த நொடி முறச் சத்தம். பொட்டலம் திரும்பி வந்து என் தலையில் உடைந்தது.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?" வேலிக்குப் பின்னாலிருந்து அக்கா.

சட்டையில் ஒரு இறால் துள்ளிக்கொண்டிருந்தது. குப்பம்மா கதவில் சாய்ந்து நின்றாள். "வாயத் தொறந்துதான் சொல்லேன்யா."

"அக்கா," என்றேன். "அது குப்ப இல்ல."

நான் மண்ணில் உட்கார்ந்து இறாலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி, மடியில் போட்டேன். நிமிர்ந்தபோது வேலிக்கு மேல் முறம் என் பக்கம் நீண்டிருந்தது, காலியாக.