மிளகுக்கொடியும் வாக்குத்தத்தச் சீட்டும்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச்சில் ஒரு தட்டை நீட்டுவார்கள். கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வேத வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். எனக்கு வந்த சீட்டில், ஆண்டவர் நம்மைப் பற்றி நினைப்பதெல்லாம் நன்மைக்கே என்று இருந்தது. எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது: இந்த வருடம் சேலத்துக்கு இறங்கிவிடுவோம்.

கல்யாணமாகி இந்த மலைமேல் தலைச்சோலைக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு நினைப்புதான். "கொஞ்ச நாளைக்குத்தான் சுகுணா, அப்பறம் கீழயே போயிரலாம்" என்று சொல்லித்தான் கிறிஸ்துதாஸ் என்னைக் கூட்டி வந்தார். எஸ்டேட்டில் அவருக்குக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. வருடங்கள் ஓடின. நான் சீர்ப் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தால் இங்கேயே தங்கியதாக ஆகிவிடும் அல்லவா? இந்த வருடச் சீட்டைக் கண்ணாடியில் செருகி, தினமும் பார்த்துக்கொண்டேன்.

இந்த மனிதரோ ஜூன் பிறந்ததும் மிளகு நாற்றுகளை வாங்கி வந்து வாசலில் அடுக்கினார். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்கள் சும்மாதானே நிற்கின்றன, அவற்றில் கொடியை ஏற்றிவிடலாம் என்றார்.

"காய்க்கற வரைக்கும் நாம இங்கயா இருக்கப் போறமுங்க?" என்று கேட்டேன்.

முகம் வாடிப்போய் வேலைக்குப் போனார். நடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நாற்றுகள் பையிலேயே துவண்டன. என் சம்மதத்துக்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வெளியே மரமும் இல்லை, மலையும் இல்லை. உலகத்தில் நானும் ஒரு ஜன்னலும்தான் மிச்சம். சீட்டின் மூலையில் அதிகார எண் இருந்தது. பைபிளை மடியில் வைத்துத் தேடினேன். வசனம் கிடைத்தது. அதோடு மூடியிருக்கலாம், ஏனோ அதிகாரத்தின் தலையிலிருந்து படித்தேன்.

சொந்த ஊரை விட்டுப் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி சொல்லி அனுப்பியது அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்கிறவர்களை நம்ப வேண்டாம், எழுபது வருடம் ஆகும் என்றார். அதுவரை அங்கேயே வீடு கட்டச் சொன்னார். தோட்டம் போட்டு, விளைந்ததைச் சாப்பிடச் சொன்னார். அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளச் சொன்னார். இத்தனைக்கும் பிறகுதான் என் வசனம் வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுபது வருடமா! இதைச் சீட்டில் போடவில்லையே! பட்டென்று மூடினேன். மனசு கேட்காமல் மறுபடி திறந்தேன்.

பனிக்குள் அந்த ஜனங்கள் நிற்பதுபோல் இருந்தது. தலையில் மூட்டை, இறக்கி வைக்க யாருக்கும் மனமில்லை. ஒரு பெண் மட்டும் மெல்ல மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். அவள் முகம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா, தெரியாது. நன்மையைச் சேலத்தில்தான் வைத்திருப்பார் என்று ஆண்டவருக்கே நான் முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழுது முடித்தபோது மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் வந்தவர் வாசலைப் பார்த்துத் திகைத்தார். "நாத்தெல்லாம் எங்க சுகுணா? தூக்கி வீசிட்டயா?"

"பொடக்காலில போய்ப் பாருங்க."

வீட்டுக்குப் பின்னால் மரத்துக்கு ஒன்றாகக் கொடிகள் நின்றன. மண்ணில் ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்தில், சீர்ப் பெட்டியிலிருந்து எடுத்த என் பித்தளைக் குடம், சேறும் சகதியுமாக. அவர் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காய்க்க மூணு வருசமாகும் சுகுணா" என்றார். 

"ஆகட்டுங்க. எழுபதுக்கு மூணு எவ்வளவோ தேவலைங்க."

"எழுபதா? யாரு சொன்னது?"

"ஊட்டுக்குள்ள வாங்க, படிச்சுக் காட்டறேன். ஆனா தலையில இருந்து படிக்கோணும்."