முளைப்பாரியை யார் தூக்குவது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது காளவாசல் தையல் கடை ஒன்றில். என் ஜாக்கெட்டுக்காகக் காத்திருந்தேன். ஐம்பத்து நாலு வயது தங்கப்பொண்ணு வந்து, உள்பாவாடை தரையில் இழுபடுகிறது என்று தையல்காரர் சோணைமுத்துவைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் டேப்பை வைத்துக் காட்டினார். பழைய அளவேதான். குறைந்திருந்தது அவள் உயரம். நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் முதுகெலும்புக்குள் சத்தமில்லாமல் ஏதோ...'

(வேண்டாம். பேய்க்கதை மாதிரி இருக்கிறது.)

எலும்பு சும்மா கிடக்கிற பொருள் இல்லை. அதை அரிக்கிற செல்லும் உண்டு, கட்டுகிற செல்லும் உண்டு. தெருவைத் தோண்டுகிற ஆளும் மூடுகிற ஆளும் போல. அரிக்கிறவர்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கிற வயதில் அது வற்றிப்போகும். அப்புறம் தோண்டுகிறவர்கள் காட்டில் மழைதான். தங்கப்பொண்ணுக்கு நாற்பத்து மூன்றிலேயே நின்றுவிட்டது. ஸ்கேனில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. வலித்த ஞாபகம்கூட அவளுக்கு இல்லை. இனிமேல் தலைச்சுமை கூடவே கூடாது என்றார் டாக்டர்.

3
அங்கேதான் சிக்கல். வில்லாபுரத்தில் அவள் தெருவில், அம்மனுக்கு முளைப்பாரி வளர்க்கிற அறைக்குள் மாதவிலக்கான பெண்கள் போகக் கூடாது, பாரியைத் தொடவும் கூடாது. நின்றுபோனதும் தங்கப்பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். பதினோரு வருஷமாக விதை போட்டு, தண்ணீர் தெளித்து, வீட்டுப் பாரியைத் தலையில் தூக்கிப்போவது அவள்தான். ஒரு வருஷம் விட்டாலும் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவள்.

(வேடிக்கையைப் பாருங்கள். எலும்பைக் காக்கிற ஹார்மோன் ஓடுகிறவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவளுக்கு எலும்பு இல்லை. இதை நான் யோசித்து எழுதவில்லை, அப்படியே இருந்தது.)

மருமகள் பாண்டிமீனா தான் தூக்குவதாகச் சொன்னாள். ஆனால் ஊர்வலத்தன்றைக்குத்தான் அவளுக்குத் தேதி.

4
முடிவு அ: தங்கப்பொண்ணே தூக்குகிறாள். 'பாரியை எடுக்கக் குனிந்தவள்...' இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது.

முடிவு ஆ: பாண்டிமீனா மாத்திரை போட்டுத் தேதியைத் தள்ளிவைக்கிறாள். இதற்குத் தங்கப்பொண்ணு சம்மதிக்கவில்லை. "என் எலும்புக்காக நீ ஒடம்பக் கெடுத்துக்கிறாத" என்றாள்.

முடிவு இ: அன்றைக்குக் காலையிலேயே பாண்டிமீனாவுக்கு வந்துவிட்டது. மாமியாரிடம் மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் பாரியைத் தூக்கிப் பாண்டிமீனா தலையில் வைக்கும்போது, தங்கப்பொண்ணு அவள் சேலையைச் சரிசெய்கிற சாக்கில் குனியாமல் காதோரம் வந்து, "ஆத்தாவும் பொம்பளதான. நேராப் போ" என்கிறாள்.

எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தெருவிலும் கதை படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டால், தயவுசெய்து நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.